முப்பத்தெட்டாம் எண் புளியமரம்

நிழற்குடைக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கு, ரோட்டு இலாகாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கேங் மேஸ்திரி கஸ்பார் எழுதிக்கொள்வது.

இதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யலாம் என்று தேடினேன். அதை மகள் சகாயமேரி ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அது இருபது வருடம் இருந்த மாடக்குழி அப்படியே இருக்கிறது. அந்த மாடக்குழி மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்து உட்கார்ந்தபோது நீங்களும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் வந்தீர்கள். டீ குடித்தீர்கள். புதிதாகக் கட்டியிருக்கும் பஸ் நிழற்குடையின் நெற்றியில் 'நஞ்சப்பன் நினைவுப் பயணியர் நிழற்குடை' என்று எழுதித் தரவேண்டும், இந்தப் பக்கத்தில் உங்கள் கை எழுத்துக்கு ஈடு இல்லை என்று சொல்லி, ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் இரண்டு பிரஷ்ஷும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நானும் சரி என்றேன். டப்பாவை இன்னும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

கை எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். அரூரிலிருந்து கம்பைநல்லூர் போகும் ரோட்டில் என் பொறுப்பில் இருந்த நூற்று நான்கு புளியமரங்களுக்கும் எண் போட்டது இந்தக் கைதான். அடியில் சுண்ணாம்புப் பட்டை, அதற்கு மேல் காவிப் பட்டை, சுண்ணாம்பின் நடுவில் தாரால் எண். மற்ற எண்களை யார் வேண்டுமானாலும் போடலாம். எட்டு மட்டும் கைக்கு வரவேண்டும். ஒரு முறை ஒரு பெரிய அதிகாரி ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, என் எட்டு ஒன்றை ஐந்து நிமிடம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஏறிப் போய்விட்டார். பேசுவதற்கு என்ன இருக்கிறது.

முப்பத்தெட்டாம் மரம் என் வீட்டுக்கு எதிரில் நின்றது. அதிலிருந்து அறுபது தப்படி தள்ளி நஞ்சப்பன் வீட்டு முன்னால் முப்பத்தொன்பது. நம் கொட்டாய்க்கு, இந்தச் சிற்றூருக்கு, அப்போது பெயரே கிடையாது. எழுபத்தொன்பதில் பஸ் விட்ட முதல் நாள் கண்டக்டர் அர்ச்சுனன் படியில் நின்றபடி, "இது என்னா ஸ்டாப்புங்க?" என்று கேட்டார். நான் மரத்தடியில் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரோ, "மேஸ்திரி மரம்னு வெச்சிக்கோ" என்றார்கள். அந்த யாரோ இந்தக் கஸ்பார்தான் என்று நஞ்சப்பன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நாளைக்கு எட்டு நடை. எட்டு நடையிலும் விசில் ஊதி, "மேஸ்திரி மரமெல்லாம் எறங்கு" என்று அர்ச்சுனன் கூப்பிடுவார். அவர் குரல் அப்படிப்பட்ட குரல். காற்று வாட்டமாக இருந்தால் அரூர் சந்தையில் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டிய வேலை இல்லாதவர்கள்கூட இறங்கியிருக்கிறார்கள். நான் காலை டீயை அந்த நேரத்துக்குத்தான் குடிப்பேன். கவர்மெண்டு எனக்குக் கொடுத்தது சம்பளம். பெயர் கொடுத்தது அந்த பஸ்.

நஞ்சப்பனைப் பற்றி நான் ஒரு குறை சொல்லமாட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கிணறும் நாலு ஏக்கரும் வைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாதவர். அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் மரம் நன்றாக இருந்தது.

எண்பத்திரண்டு ஐப்பசி மழையில்தான் என் மரத்தில் காளான் வந்தது. குடைக்காளான் இல்லை. பட்டையை ஒட்டித் தட்டுத் தட்டாக, ஓரம் வெளுத்து, நடுவில் பழுப்பாக, கல் மாதிரிக் கெட்டி. முதலில் தோசை அளவு. கார்த்திகைக்குள் முறம் அளவு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு. மூன்றாவது தட்டில் என் சம்சாரம் ரோசம்மா மிளகாய் காயவைத்தாள். ஐந்தாவதில் எங்கள் கோழி பதினோரு முட்டை வைத்து அடைகாத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

நஞ்சப்பன் பஸ்ஸுக்கு வந்தபோது பார்த்தார்.

"என்னா மேஸ்திரி, உம் மரத்துக்குக் காது மொளைக்குது?"

"மொளைக்கட்டுங்கண்ணா. நீங்க பேசறது அதுக்கும் கேக்கட்டும்."

"கேட்டா வெக்கத்துல விழுந்துரும்யா." சிரித்தார். பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிரிக்காமல் சொன்னார். "வெளையாட்டு இல்ல மேஸ்திரி. பொம்பளைங்க, புள்ளைங்க நிக்கிற எடம். வண்டிய எம் மரத்தாண்ட நிறுத்தச் சொல்லு. அது நல்லாத் தெடமா நிக்குது."

நல்ல மனதோடு சொன்னதுதான். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோசம்மா ரசத்தில் உப்பு குறைவோ என்று கேட்டாள்.

அந்த மாதமே ஓவர்சீயர் குப்புராஜ் வந்தார். படித்தவர், பொறுமைசாலி. கடப்பாறையைத் திருப்பி மரத்தில் தட்டினார். தவில் மாதிரிக் கேட்டது. வேலிப் பக்கம் ஒரு பொந்து இருந்தது. அதில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். கை வந்தது, கைக்கடிகாரம் வரவில்லை. அது உள்ளே விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மரத்தில் காது வைத்துக் கேட்டு, இன்னும் நேரம் ஆகவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். சாவி கொடுக்க ஆள் இல்லாமல் அது எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள். நான் கண்டதை எழுதுகிறேன்.

குப்புராஜ் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "மேஸ்திரி, வெளிய தெரியறது காய் மாதிரிங்க. செடி உள்ள இருக்குது. நீங்க காயை அறுத்து அறுத்துப் போட்டாலும் அது பாட்டுக்கு உள்ள தின்னுகிட்டே இருக்கும். மேல பாத்தா பச்சையாத்தான் தழையும். வேலிப் பக்கத்து வேரு பூரா போச்சுங்க. சாஞ்சா ரோட்டுப் பக்கந்தான் சாயும். இங்க வந்து விழும்." செருப்புக் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். நன்றாகத் தெரிகிற மாதிரி நீளமான கோடு. மழை வந்து அழித்துவிட்டது. ஆனால் ஒரு இடத்தைப் பார்த்தால் எனக்கு மறக்காது. அளந்து வேலை பார்த்த கண்.

அவர் ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். அவரைத் தேன்கனிக்கோட்டைக்கு மாற்றினார்கள். ரிப்போர்ட்டும் அவரைப் போலவே ஊர் ஊராகப் போய்ப் பதினாறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

அந்தப் பதினாறு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் காளானை அரிவாளால் செதுக்கினேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் பூசினேன். பொந்தில் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைத்து, மேலே தார் தடவி, அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. "எனக்கு டைபாய்டு வந்தப்ப ஒரு மாத்திரை வாங்கியாந்தியா நீ" என்று ரோசம்மா கேட்டாள். அவளுக்கு அது டைபாய்டு இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான்.

எண்பத்துநாலு மாசியில் ஆர்டர் வந்தது. காளான் நோய் கண்டு உட்பகுதி முழுவதும் உளுத்து, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் முப்பத்தெட்டாம் எண் புளியமரத்தை விறகாக ஏலம் விட்டு அப்புறப்படுத்தவேண்டியது.

நான் அதை நிதானமாக மூன்று முறை படித்தேன். நீங்களும் படித்துப் பாருங்கள். மேஸ்திரி வீட்டு எதிரில் என்று எங்காவது இருக்கிறதா? இல்லை. காளான் இருக்கிற மரம் எது என்று பார்த்து வெட்டு என்று இருக்கிறதா? அதுவும் இல்லை. இலாகா மரத்தைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்க்கும். நான் இலாகாவுக்குக் கட்டுப்பட்டவன். ஆர்டர் என்ன எண்ணைச் சொல்கிறதோ அந்த எண் போட்ட மரம் வெட்டப்படவேண்டும். அது வெட்டப்பட்டது. இதில் நான் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

எட்டை ஒன்பது ஆக்குவது சுலபம். கீழ்ச்சுழியின் இடப்பக்கத்தை உளியால் சுரண்டிச் சுண்ணாம்பு தொட்டால் முடிந்தது. ஒன்பதை எட்டாக்க ஒரே ஒரு வளைவு இழுக்கவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பீடி நேரம். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன். ஒளித்துச் செய்வது எனக்குப் பிடிக்காது. அவர் மரத்தில் வளைவு இழுத்துக்கொண்டிருந்தபோது நஞ்சப்பனே வந்து நின்றார்.

"வெய்யில்ல என்னாத்துக்குய்யா இந்தப் பாடு?"

"நம்பரு மங்கிப் போச்சுங்கண்ணா. தெளிவாக்கறன்."

உள்ளே போய்ச் சொம்பு நிறைய நீர்மோர் கொண்டுவந்தார். கறிவேப்பிலை போட்டிருந்தது. குடித்துவிட்டு எட்டை முடித்தேன். அது நான் போட்ட எட்டுகளிலேயே நல்ல எட்டு.

ஏலம் எடுத்தவர் அரூர்க்காரர். உளுத்த மரம் என்று விறகு விலைக்கு எடுத்தார். ஆட்களோடு வந்து எண்ணைப் பார்த்து ரம்பம் வைத்தார். முதல் இழுப்பில் ரம்பத்துக்குப் பதினோரு பல் போனது. உள்ளே வைரம், கறுஞ்சிவப்பு, இரும்பு. அவர் மரத்தைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். ஆர்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்து, "சீக்கிரம் முடிங்கடா" என்றார். அவரும் விதியை மதிக்கிறவர்.

நஞ்சப்பன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"யோவ் மேஸ்திரி, என்னாய்யா இது? எம் மரத்தப் போட்டு அறுக்கறானுங்க. ஒனக்குதானய்யா ஆர்டரு வந்துச்சு?"

"முப்பத்தெட்டுக்கு வந்துச்சுங்கண்ணா."

"எம் மரம் முப்பத்தொம்போது."

"அப்பிடிங்களா? மரத்துல என்னா போட்டிருக்குது, நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். அறுபது தப்படி நடந்து வந்து என் மரத்தையும் பார்த்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இத்தினி வருசமா மாத்திப் பாத்துகிட்டு இருந்திருக்கறன் மேஸ்திரி. எங் கண்ணு போயிடுச்சாட்டம் இருக்குது."

நல்ல மனிதர்களிடம் இது ஒரு சௌகரியம். சந்தேகம் வந்தால் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள்.

கண்ணைக் காட்டத் தருமபுரிக்குப் போக ஆரம்பித்தார். மாதம் ஒரு தடவை. அவர் வீட்டு முன்னால் இப்போது அடிக்கட்டைதான் இருந்தது, நிழல் இல்லை. ஆகவே என் மரத்தடிக்கு வந்து நிற்பார். கூட அவர் சம்சாரம் காசியம்மாளும் வரும். அர்ச்சுனன் விசில் ஊதி, "மேஸ்திரி மரம், ஏறுங்க ஏறுங்க" என்பார். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் நல்ல வருடங்கள் அவை. ஓய்வு பெற்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தாறு புரட்டாசியில் நஞ்சப்பனுக்குக் கண்ணாடி வந்தது. தடித்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு ஊரையே புதிதாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். காசியம்மாளைப் பார்த்து, "நீ இவ்ளோ கறுப்பா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம். மறுநாள் என் மரத்தடிக்கு வந்தவர், பஸ் வரும் திசையைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இங்க வாயேன். இந்த ஒம்போதுக்குக் கீழ ஏதோ பழைய சுழி மாதிரி தெரியுது பாரு."

"கண்ணாடி புதுசுங்கண்ணா. பழகற வரைக்கும் அப்பிடித்தான் ரெண்டு ரெண்டாத் தெரியும்."

"அப்பிடியா சொல்ற?" மறுபடி பார்த்தார். "டாக்டர் வர வியாழக்கெழம வரச் சொன்னாரு. கேட்டுப் பாக்கறன்."

"கேளுங்க. நின்னுகிட்டே இருக்கறீங்களே, காலு வலிக்கும்."

உண்மையாகவே அவருக்கு முழங்கால் வலி இருந்தது. எனக்கு அது அன்றைக்குத்தான் மனதில் பட்டது. இலாகா கிலோமீட்டருக்கு மாறிய பிறகு வேண்டாம் என்று போட்ட பழைய பர்லாங் கற்கள் இரண்டு என் வேலியோரம் கிடந்தன. கடப்பாறையால் நெம்பி உருட்டிக்கொண்டு போய், மரத்தடியில் படுக்கவைத்து, ஆள் உட்கார வாட்டமாக ஒரு ஆசனம் செய்தேன். ரோட்டுப் பக்கம் போட்டேன். காலையில் நிழல் அங்கேதான் விழும். குப்புராஜ் கோடு கிழித்ததும் அங்கேதான் என்பது கல்லைப் போட்டு முடித்த பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு கல்லையும் மறுபடி நகர்த்துவதென்றால் இடுப்பு போய்விடும்.

அதே வாரம் பொந்தில் அடைத்திருந்த சிமெண்டையும் உளி வைத்து எடுத்துவிட்டேன். வேலிப் பக்கம் மரத்தைத் தாங்கி நின்றதே அந்தச் சிமெண்டுதான் என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும். அதற்கும் காற்று வேண்டாமா? அடைத்தே வைத்தால் உள்ளே புழுங்கிப் போகாதா? அது சுவாசிக்கட்டும் என்றுதான் எடுத்தேன். அரைக்கூடை கொத்துச் சிமெண்டு வந்தது. அதோடு ஒரு பிடி மரமும் வந்தது. ஈரமாக, வெள்ளையாக, பிசைந்த சோறு மாதிரி.

செவ்வாயும் புதனும் மழை. வியாழக்கிழமை காலை வெறித்தது. நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியோடு வந்தார். கல் ஆசனத்தைப் பார்த்துவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் வாசலில் நின்றிருந்த என்னிடம், "எனக்காப் போட்ட?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தாங்கண்ணா. உக்காருங்க."

"மவராசனா இருப்ப" என்று உட்கார்ந்தார். கண்ணாடிக் கூட்டை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னதால் காசியம்மாள் எடுக்கத் திரும்பிப் போயிற்று. மற்றவர்கள் டீக்கடையில் இருந்தார்கள்.

மரம் அவசரப்படவில்லை. முதலில் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு இலையெல்லாம் ஒரே பக்கம் திரும்பியது. குப்புராஜ் கிழித்த கோட்டில், ஒரு விரற்கடை பிசகாமல் விழுந்தது. அவர் நல்ல ஓவர்சீயர்.

உள்ளேயிருந்து அவர் கைக்கடிகாரமும் கிடைத்தது. ஓடிக்கொண்டிருந்தது. எட்டு ஐந்து காட்டியது. போலீஸார் எட்டு பத்து என்று எழுதினார்கள். நாலு வருடத்துக்கு ஐந்து நிமிடம் பின்தங்குவது ஒரு குற்றமா என்ன. இயற்கையின் சீற்றம் என்று கேசை முடித்தார்கள். இலாகாவிலிருந்தும் ஒருவர் வந்தார். விழுந்த மரத்தில் முப்பத்தொன்பது என்று இருந்தது. ரிஜிஸ்தரில் முப்பத்தொன்பது நல்ல நிலையில் உள்ளது என்று இருந்தது. நல்ல நிலையில் உள்ள மரம் விழாது என்பதால், அது விழுந்ததாக அவரால் எழுத முடியவில்லை. காகிதப்படி அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இந்த வருடம்கூட அதன் புளி ஏலத்துக்கு வந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கவேண்டும். மூன்றாம் நாள் காலை டீயோடு வாசலில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. விசில். அர்ச்சுனன் குரல்.

"நஞ்சப்பன் ஸ்டாப்பெல்லாம் எறங்கு."

டீ டம்ளரை வைத்துவிட்டுப் படியருகே போனேன். "என்னாப்பா அர்ச்சுனா, பேரு மாறிப் போச்சு?"

"மரமே இல்லீங்களே மேஸ்திரி. இல்லாத மரத்துக்கு ஆள எப்பிடி எறக்கறது? நஞ்சப்பன் செத்த எடம்னா சின்னப் புள்ளைக்கும் தெரியுது."

"எம் பேரு என்னாப்பா ஆவறது?"

"போங்க மேஸ்திரி, நீங்க உசுரோடதான இருக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே டபுள் விசில் கொடுத்தார்.

அன்றிலிருந்து நாளைக்கு எட்டுத் தடவை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஞ்சைக் காதில் வைத்தும் கேட்கிறது. இப்போது நீங்கள் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து, அதை என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்கள்.

தலைவர் அவர்களே, நியாயத்தை நீங்களே பாருங்கள். அந்த இடத்தில் நஞ்சப்பன் இறந்ததில் நஞ்சப்பனின் உழைப்பு என்று ஒன்றும் இல்லை. எண்ணை மாற்றியது நான். கல்லை உருட்டிப் போட்டது நான். சிமெண்டை எடுத்தது நான். உட்காருங்க என்று சொன்னதும் நான்தான். அவர் செய்ததெல்லாம் உட்கார்ந்தது ஒன்றுதான். சும்மா உட்கார்ந்ததற்காக ஒருவர் பெயரைக் கட்டடத்தில் எழுதினால், வேலை செய்தவனுக்கு என்ன மரியாதை?

ஆகவே 'மேஸ்திரி மரம் நிழற்குடை' என்று எழுதிவிடுகிறேன். கூலி வேண்டாம். பெயிண்ட் போதும். காசியம்மாளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அது இப்போதும் வாரம் ஒரு முறை எனக்கு மோர் கொண்டுவந்து தருகிறது. மனது கஷ்டப்படக்கூடாது.

இதைப் படித்துவிட்டு, நான் வேண்டுமென்றே செய்ததாக உங்களில் யாராவது நினைக்கலாம். அப்படி இல்லை. அந்த மரம் விழும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என்னைவிட அதை நம்பினவன் இந்த ஜில்லாவிலேயே இல்லை. சந்தேகம் இருந்தால் என்னைத் தினமும் பார்க்கிற அர்ச்சுனனைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றிய நாளிலிருந்து மரம் விழுந்த நாள் வரை நானும் ரோசம்மாவும் அரை மைல் நடந்துபோய்ப் பாலத்து ஸ்டாப்பில்தான் பஸ் ஏறினோம்.